திருத்திய படம் பொய்யா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

சென்ற உரையைக் கேட்ட நேயர் ஒருவர், "எடுத்த படத்தில் பிறகு கைவைத்தால் அது பொய்யாகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறார். இந்தச் சந்தேகம் சில நாட்களாகவே என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. உலகமே அறிந்த ஒரு படத்தை வைத்து இதற்கு விளக்கம் சொல்ல முயல்கிறேன்.

1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தைத்தான் சொல்கிறேன். கன்னத்தருகே கைவைத்து எங்கோ பார்க்கும் தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் தோள்களில் சாய்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பற்றிய கையின் கட்டைவிரல் ஒன்று முதலில் தெரிந்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று கருதிய லாங், 1939இல் நெகட்டிவிலேயே அதை அழிக்கச் செய்தார். லாங் இந்தப் படத்தை எடுத்துக்கொடுத்த அமெரிக்க அரசின் புகைப்படப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ராய் ஸ்டிரைக்கருக்கு இது பிடிக்கவில்லை. உற்றுப் பார்த்தால் அந்த விரலின் மங்கலான தடம் இன்றும் தெரியும்.

நேயர் கேட்ட கைவைத்தல் இதுதான். ஆனால் தொடர்ந்து கேட்டுவரும் உங்களுக்கு நான் வழக்கமாக வலியுறுத்துவது நினைவிருக்கும்: சட்டகத்துக்குள் இருப்பதைப் பார்த்த பிறகு, வெளியே விடப்பட்டது எது என்றும் கேளுங்கள். அன்று லாங் அடுத்தடுத்து எடுத்த மற்றப் படங்களும் கிடைக்கின்றன. ஒன்றில் முழுக் கூடாரமும், அதற்குள் ஆடுநாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மகளும் தெரிகிறார்கள். வேறொன்றில் பழைய டிரங்குப் பெட்டியும் அதன்மேல் காலித் தட்டும் இருக்கின்றன. லாங் நெருங்க நெருங்க இவையெல்லாம் விலகி, இறுதியில் ஒரு தாயின் முகம் மட்டுமே நம்மை ஆட்கொள்கிறது. விரலை அழித்ததைவிடப் பெரிய திருத்தம், ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன், அதுவே அந்தக் கலை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்பும் கேள்வி வேறு: படத்தில் இருப்பவருக்கு என்ன நியாயம் கிடைத்தது? அவர் பெயரையோ கதையையோ தாம் கேட்கவில்லை என்று லாங்கே பின்னர் எழுதினார். படம் செய்தித்தாளில் வந்ததும் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. அந்தத் தாய், ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்னும் செரோக்கி (அமெரிக்கப் பழங்குடி) இனப் பெண் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று அவர் வருந்தினார்.

உணவுக்காகக் காரின் டயர்களை அவர்கள் விற்றுவிட்டதாகவும் லாங் எழுதியிருந்தார். விற்பதற்கென்று டயரே இருக்கவில்லை, காரில் இருந்த டயர்களில்தான் ஓட்டிக்கொண்டு புறப்பட்டோம் என்று தாம்ப்சனின் மகன் பிற்காலத்தில் மறுத்தார். லாங் வேண்டுமென்றே புனைந்தார் என்று நான் நினைக்கவில்லை. பல முகாம்களைப் பார்த்தவருக்கு இரண்டு குடும்பங்களின் கதைகள் நினைவில் கலந்திருக்கலாம். ஆயினும் நேயரே, இந்தப் படத்தில் உங்கள் சந்தேகத்துக்கு உரிய இடம் எதுவென்று கேட்டால், அழிக்கப்பட்ட கட்டைவிரலை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சரிபார்க்காமல் எழுதப்பட்ட இந்த டயர் கதையைத்தான் நான் காட்டுவேன்.