ஆறு பக்கக் கணக்கு

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்குத் தன்மேல் நம்பிக்கை வரவைப்பது எப்படி என்று பேச அழைத்திருக்கிறீர்கள். "நீ கெட்டிக்காரன், உன்னால் முடியும்" என்று தினமும் சொல்கிறோம். சொல்லலாம், குற்றமில்லை. ஆனால் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளைக்கு, நாம் சும்மா சொல்கிறோம் என்பது நன்றாகவே தெரியும். அதற்குச் சான்று வேண்டும். அதுவும் அதன் கையாலேயே கிடைக்க வேண்டும்.

ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் என்ற உளவியலாளர்கள் 1981-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஏழு முதல் பத்து வயதுவரை 40 பிள்ளைகள். கழித்தலில் ரொம்பவே பின்தங்கியவர்கள், கணக்கென்றால் முகம் சுளிப்பவர்கள். ஏழு அமர்வு, மொத்தம் 42 பக்கப் பயிற்சி. சிலரிடம், "ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கமாவது போடப் பாருங்கள்" என்றார்கள். சிலரிடம், "ஏழாவது அமர்வுக்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள்" என்றார்கள். வேறு சிலருக்கு இலக்கே சொல்லவில்லை. ஏழாறு நாற்பத்திரண்டுதானே, இதில் என்ன வித்தியாசம் என்று தோன்றும். ஆறு பக்கப் பிள்ளைகள்தான் கழித்தலில் முந்தினார்கள். "எனக்கு வரும்" என்ற துணிவும் அவர்களுக்கே அதிகம் வந்தது. பிறகு யாரும் கேட்காமலே கணக்கை எடுத்துப் போட்டார்கள். 42 பக்கம் என்று இலக்கு சொல்லப்பட்டவர்களோ, இலக்கே இல்லாதவர்களைவிட ஒன்றும் மேலாகச் செய்யவில்லை. ஜூன் மாதமே "பொதுத்தேர்வில் 490" என்று சுவரில் எழுதி ஒட்டும் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் புதுக்கோட்டையும் இதற்குச் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். பாடம் மூன்று சிறு நூல்களாகப் பிரிந்திருந்தது; தான் எதுவரை வந்திருக்கிறோம் என்று படிப்பவரே பார்த்துக்கொள்ள நடுநடுவே தேர்வுகள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கூடவே பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். விழாமல் பத்தடி போனால் போனவருக்கே தெரிந்துவிடுகிறது. மார்க் போட ஆள் தேவையில்லை.

"அப்படியானால் பரிசு கொடுக்கலாமா?" என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி. மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1973-ல் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே ஆசைகாட்டப்பட்ட குழந்தைகள், பின்னர் பரிசு இல்லாதபோது வரைவதில் ஆர்வம் குறைந்து போனார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. தானாகவே ஆசையோடு செய்வதற்கு விலை பேசினால் அது கூலிவேலை ஆகிவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதனால் அம்மா, "முதல் ரேங்க் வந்தால் சைக்கிள்" என்ற பேரம் வேண்டாம். போன வாரம் திணறிய கணக்கை இன்று உங்கள் மகள் தானே போட்டால், பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எந்த வரியில் மாறியிருக்கிறாள் என்று விரல் வைத்துச் சொல்லுங்கள். அன்றைக்கு வீட்டில் பஜ்ஜி போட்டால் போடுங்கள். முன்னாடியே சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான்.