தளத்து மண் தளத்திலேயே இருக்கட்டும்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் வேலை செய்பவர்களும், அங்கே மேற்பார்வை பார்ப்பவர்களும் இந்த நேரத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மழை பெய்து முடிந்ததும் தளத்திலிருந்து தேத்தண்ணி நிறத்தில் ஓடிவரும் தண்ணீரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தளத்துக்கு வெளியே இருக்கும் வடிகால் சாக்கடை அல்ல. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே விழும் மழை வடிகால், கால்வாய், ஆறு வழியாக 17 நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. காலாங் பக்கம் ஒரு தளத்திலிருந்து கலங்கல் வெளியேறினால் அது மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகும். அங்கிருந்து சுத்திகரிப்பு ஆலைக்கு, பிறகு நம் குழாய்க்கு. வழியில் படியும் வண்டல் கால்வாயின் கொள்ளளவையும் குறைத்துவிடும். அடுத்த பெருமழையில் சாலையில் தண்ணீர் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. வெளியேறும் ஒரு லிட்டர் தண்ணீரில் மிதக்கும் திடப்பொருள் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆயிரம் லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் 50 கிராம், ஒரு பிடி மண்கூட இல்லை. மூடாத மண்மேட்டிலிருந்து வரும் தண்ணீரிலோ லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் சர்வசாதாரணமாக இருக்கும். வேலை தொடங்குமுன்பே தகுதிபெற்ற வல்லுநர் ஒருவர் மண்ணரிப்புத் தடுப்புத் திட்டம் வரைந்து கையெழுத்திட்டு, தண்ணீர் அமைப்பான பியுபியிடம் தர வேண்டும் என்பது அதற்காகத்தான்.

'குளம் வெட்டித் தேக்கி வைத்தால் தானே தெளிந்துவிடும்' என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான தவறுகள் இந்த நம்பிக்கையில்தான் தொடங்குகின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல் துகள், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க 2 நிமிடம் போதும். நூறில் ஒரு பங்கு அளவுள்ள வண்டலுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள களிமண்ணுக்கோ 11 நாளைக்கு மேல் ஆகும். துகளின் அளவு பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. புக்கிட் தீமா பக்கத்துச் செம்மண்ணிலும் மரினா, காலாங் பக்கத்துக் கடற்களிமண்ணிலும் இந்த நுண்துகள் நிறைய. இங்கே பதினோரு நாள் மழையில்லாமல் இருக்குமா?

தண்ணீரின் அளவையும் பாருங்கள். ஒரு ஹெக்டர் தளத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 கனமீட்டர். மண் கொஞ்சம் உறிஞ்சியது போக 300 கனமீட்டர் ஓடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கனமீட்டர் சுத்திகரிக்கும் இயந்திரம் 10 மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டால் தொட்டி நிரம்பி வழியும். தொட்டி சிறியது என்று குறைப்படுவதற்கு முன், நேற்றைய தண்ணீரை ஏன் இன்னும் காலி செய்யவில்லை என்று கேளுங்கள்.

ஆகவே முதல் வேலை மண்ணை மூடுவது. இன்று வேலை நடக்காத சரிவு எதுவும் இன்று திறந்து கிடக்கக்கூடாது. கேன்வாஸ் போட்டால் ஓடும் தண்ணீரின் அளவு குறையாது, கூடத்தான் செய்யும். ஆனால் மண் வராது, நமக்கு அதுதான் வேண்டும். ஓடு வேய்வதுபோல மேல் விரிப்பின் ஓரம் கீழ் விரிப்பின்மேல் ஓர் அடியாவது ஏறியிருக்க வேண்டும். சரிவின் உச்சியில் சிறு பள்ளம் தோண்டி விளிம்பைப் புதையுங்கள். வெறுமனே மணல்மூட்டை வைத்தால் தண்ணீர் விரிப்புக்கு அடியில் புகுந்து ஓடை அறுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்!

தளத்தின் ஓரத்தில் வேலிபோல நிறுத்தும் வண்டல் தடுப்புத் துணியும் அப்படியே. அடிப்பகுதியை அரை அடிக்குக் குறையாமல் மண்ணில் புதைக்காவிட்டால் அது வெறும் திரைச்சீலை. புதைத்தாலும் மணலைத்தான் பிடிக்கும், களிமண் துணி வழியே போய்விடும். தளத்தைச் சுற்றி கான்கிரீட் பூசிய வடிகால் கட்டி எல்லாத் தண்ணீரையும் தொட்டிக்குத் திருப்புவதும் இதனால்தான்.

இனி, தொட்டித் தண்ணீரைத் தெளியவைக்கும் மருந்து. களிமண் துகள்கள் எதிர்மின் சுமை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் சேர்ந்து கனமாவதில்லை. பாலி அலுமினியம் குளோரைடு அந்தச் சுமையைத் தணிக்கிறது, பிறகு சேர்க்கும் பாலிமர் துகள்களைக் கட்டியாக்குகிறது. எவ்வளவு ஊற்றுவது என்பதைப் போன வாரத்து அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆறு கண்ணாடிக் குடுவைகளில் லிட்டர் லிட்டராக அன்றைய தண்ணீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு மருந்து விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். குறைந்த மருந்தில் நன்றாகத் தெளிந்த குடுவையின் அளவுதான் அன்றைய அளவு. மருந்து அதிகமானால் துகள்கள் நேர்மின் சுமை ஏறி மறுபடி பிரிந்து மிதக்கும். 'இவ்வளவு ஊற்றியும் தெளியவில்லையே' என்று இன்னும் ஊற்றுவது பெருந்தவறு.

கான்கிரீட் ஊற்றிய நாளில் இன்னொரு சிக்கல் உண்டு. சிமென்ட் கலந்த தண்ணீரின் பிஎச், அதாவது கார அமில அளவு, 11, 12 வரை ஏறும், அந்த நிலையில் மருந்து சரியாக வேலை செய்யாது. தெளிந்தாலும் அதை வெளியே விட முடியாது, ஏனென்றால் பிஎச் 6 முதல் 9-க்குள் இருக்க வேண்டும். முதலில் கரியமில வாயுவைச் செலுத்திக் காரத்தைக் குறையுங்கள், பிறகு மருந்து.

வெளியேறும் இடத்தைக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் கண்ணாடியையும் கலங்கல் அளக்கும் கருவியின் முனையையும் துடைத்து வைக்க வேண்டும். பாசி பிடித்த முனை பொய் சொல்லும். லாரிச் சக்கரம் கழுவிய தண்ணீரும் தொட்டிக்கே போக வேண்டும்.

சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியற்காலையில் வரும், அப்போது தளத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை மாலை கிளம்புமுன் நான்கு இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். தொட்டி காலியா, அடியில் வண்டல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டதா என்று பாருங்கள். பம்பின் மிதவை தடையில்லாமல் அசைகிறதா, உறிஞ்சுகுழாயின் வாய் சேற்றில் கிடக்காமல் மேலே மிதக்கிறதா என்று பாருங்கள். மருந்துப் பீப்பாயில் ஞாயிறு இரவு வரைக்கும் மருந்து இருக்கிறதா பாருங்கள். கடைசியாக, தளத்தின் வேலித் தகடுகளுக்கு அடியில் எலி போகிற அளவுக்காவது ஓட்டை தெரிகிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். தெரிந்தால் அன்றே அடைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.