விட்டுப்போனவர்களைத் தேடிச் செல்லும் ஆய்வுகள்

வணக்கம். ஒரு குழந்தை பிறந்தவுடன் அதன் எடையையும் தாயின் உடல்நிலையையும் குறித்துக்கொண்டு, அந்தக் குழந்தை பள்ளிக்குச் செல்லும்போதும், வேலையில் சேரும்போதும், தானே பெற்றோராகும்போதும், முதுமை எய்தும்போதும் அதே குடும்பத்தின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டுகின்ற ஆய்வுகளைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். ஆய்வாளர்கள் இவற்றைப் பிறப்புக் கோஹார்ட் ஆய்வுகள் என்கிறார்கள். இவற்றின் முடிவுகள் அவ்வப்போது செய்தியாகின்றன. ஆனால் அந்த முடிவுகளை நம்பலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிற வேலை, அதாவது ஆய்வில் சேர்ந்த குடும்பங்களைக் கடைசிவரை கைநழுவ விடாமல் வைத்திருக்கிற வேலை, செய்திக்கு வருவதே இல்லை. என்னைக் கேட்டால், இந்த ஆய்வுகளின் உயிர்நாடியே அதுதான்.

வளர்ந்தவர்களை அழைத்து அவர்களுடைய இளமைக்காலத்தைப் பற்றி ஒருமுறை விசாரித்துவிட்டால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். போதாது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972 ஏப்ரலுக்கும் 1973 மார்ச்சுக்கும் இடையே பிறந்த 1,037 பேரைப் பின்தொடரும் ஆய்வு இதற்கு ஒரு தெளிவான சான்றைத் தந்தது. அவர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரில் சந்தித்து, மனச்சோர்வு, பதற்ற நோய் போன்றவற்றை அந்தந்தக் காலத்திலேயே பதிவு செய்துவந்த குழுவினர், 32 வயதுவரையிலான அந்தப் பதிவுகளை, 'உங்கள் வாழ்நாளில் எப்போதாவது இப்படி இருந்ததுண்டா' என்று ஒரே ஒருமுறை கேட்டு நடத்தப்படும் தேசியக் கணக்கெடுப்புகளோடு 2010இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்ந்து பதிவு செய்ததில் தெரியவந்த பாதிப்பு, நினைவை நம்பிக் கேட்டதில் தெரியவந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. மனிதர்கள் தாம் கடந்துவந்த துன்பத்தை மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இவ்வகை ஆய்வுகளில் மிக நீண்ட காலமாக நடந்துவருவனவற்றுள் ஒன்று பிரிட்டனில் 1946 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் தொடங்கியது. பிறப்பு விகிதம் ஏன் குறைகிறது, பிள்ளைப்பேற்றுக்குக் குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்பதே அன்றைய கேள்வி. ஜேம்ஸ் டக்ளஸ் என்ற மருத்துவரின் தலைமையில், அந்த வாரத்தில் பிரசவித்த 13,687 தாய்மார்களிடம் தகவல் திரட்டப்பட்டது. குழந்தைக்கு வாங்கிய துணிமணிக்கும் தள்ளுவண்டிக்கும் ஆன செலவுவரை கேட்டு எழுதிக்கொண்டார்கள். பின்னர் அவர்களுள் 5,362 பேரின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனிப்பது என்று முடிவாயிற்று. அக்குழந்தைகள் இன்று எண்பது வயதை ஒட்டிய முதியவர்கள். அவர்களுள் சுமார் 500 பேருக்கு எழுபது வயதையொட்டி மூளை ஸ்கேன் எடுத்து, மறதி நோயின் தொடக்க அறிகுறிகளைத் தேடியிருக்கிறார்கள். தள்ளுவண்டியின் விலையைக் கேட்டு எழுதியவர்களுக்கு இப்படி ஒரு பயன் விளையும் என்று தெரிந்திருக்க வழியே இல்லை. ஆயினும் அவர்கள் ஒழுங்காக எழுதி, ஒழுங்காகப் பாதுகாத்து வைத்தார்கள்.

ஆனால் அந்த 5,362 பேரில் திருமணமாகாத தாய்மார்களின் குழந்தைகள் இல்லை, இரட்டைக் குழந்தைகளும் இல்லை. தேர்வு செய்யும்போதே அவர்களை விலக்கிவிட்டார்கள். அக்காலச் சமூகத்தில் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை எத்தகைய இன்னல்களுக்கு ஆளாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த இன்னல்கள் பின்னாளில் உடலையும் உள்ளத்தையும் என்ன செய்தன என்பதை இந்த ஆய்விடம் கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. முதல் நாளில் விட்ட இடைவெளியை எழுபது ஆண்டு உழைப்பாலும் நிரப்ப முடியாது என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

தொடக்கத்தில் விலக்கப்பட்டவர்கள் ஒரு புறம் என்றால், இடையில் விலகிப்போகிறவர்கள் மறுபுறம். யார் விலகுகிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள், வேலை இழந்தவர்கள், மணமுறிவுக்கு ஆளானவர்கள், நோயில் விழுந்தவர்கள் ஆகியோரே பெரும்பாலும் முதலில் தொடர்பை இழக்கிறார்கள். எஞ்சியிருப்பவர்கள் ஓரளவு நிலையான வாழ்க்கை அமைந்தவர்கள். அவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், வறுமையின் பாதிப்பு உண்மையில் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரிய வாய்ப்புண்டு.

டனீடன் ஆய்வையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். மூன்று வயது முதல் பதினொரு வயதுவரை தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் குறைவாக இருந்த குழந்தைகள், 32 வயதில் உடல்நலக் குறைவு, பணநெருக்கடி, குற்றத் தண்டனை ஆகியவற்றுக்குக் கூடுதலாக ஆளாகியிருந்தார்கள் என்று 2011இல் அந்தக் குழு வெளியிட்டது. சற்று நிதானித்துப் பாருங்கள். பணநெருக்கடியிலும் வழக்கிலும் சிக்கியவர்கள்தான் ஆய்வாளர்களின் கடிதத்துக்குப் பதில் எழுதும் நிலையில் இல்லாதவர்கள். அவர்கள் கைவிட்டுப் போயிருந்தால், சிறுவயதுக் கட்டுப்பாட்டுக்கும் பிற்கால வாழ்வுக்கும் இடையிலான அந்தத் தொடர்பு மங்கிப்போயிருக்கும் அல்லது கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும். டனீடன் குழு அப்படி விடவில்லை. வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கும் விமானப் பயணச் செலவு கொடுத்து வரவழைக்கிறது. வந்தவரை ஒரு நாள் முழுவதும் அமரவைத்து, பல், இதயம், இரத்தம், நினைவாற்றல், மனநிலை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. 45 வயதுச் சந்திப்பின்போது உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் பங்கேற்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர்! பிறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இவ்வளவு பேரைக் கூட்டிவருவது எளிய காரியமன்று.

பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் செய்ததை அறிந்தபோது எனக்கு இன்னும் வியப்பாக இருந்தது. அங்கே 1982இல் மருத்துவமனைகளில் பிறந்த 5,914 குழந்தைகளை ஆய்வில் சேர்த்தார்கள். பதிவிலிருந்த முகவரிகளை வைத்துத் தேடியபோது கணிசமான குடும்பங்கள் கிடைக்கவில்லை. எனவே 1984இல் முகவரிப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, நகரின் எல்லா வீடுகளுக்கும் வரிசையாகச் சென்று, '1982இல் பிறந்த குழந்தை இங்கே இருக்கிறதா' என்று கேட்டார்கள். அந்த உழைப்பின் பலன் பின்னாளில் தெரிந்தது. அவர்களுள் ஏறத்தாழ 3,500 பேரை 30 வயதில் சோதித்தபோது, ஒரு மாதத்துக்கும் குறைவாகத் தாய்ப்பால் குடித்தவர்களைவிட, ஓராண்டோ அதற்கு மேலோ குடித்தவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் சராசரியாக நான்கு புள்ளிகள் அளவில் கூடுதலாக இருந்தது. வசதியான தாய்மார்களே நீண்டகாலம் பாலூட்டுகிற சமூகத்தில் இப்படி ஒரு முடிவு வந்தால், அது பாலின் விளைவா பணத்தின் விளைவா என்று பிரித்தறிவது கடினம். பெலோட்டாஸில் அக்காலத்தில் ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி எல்லாத் தரப்பிலும் பாலூட்டும் வழக்கம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்ததால், அந்தக் குழப்பம் பெருமளவு குறைந்தது. முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பின்தொடர்ந்து பார்ப்பதால் மட்டும் காரணம் நிரூபணமாகிவிடாது.

எல்லா முயற்சிகளும் இப்படிக் கைகூடுவதில்லை. அமெரிக்காவில் 1,00,000 குழந்தைகளைப் பிறப்புக்கு முன்பிருந்தே தொடர்வதற்காகத் திட்டமிட்ட தேசியக் குழந்தைகள் ஆய்வு, நூறு கோடி டாலருக்கு மேல் செலவான பிறகு 2014 டிசம்பரில் கைவிடப்பட்டது. பிரிட்டனில் 80,000 குழந்தைகளுக்காகத் திட்டமிட்ட ஆய்வு, போதிய தாய்மார்கள் சேராததால் 2015இல் நின்றது. எண்ணிக்கையைப் பெரிதாக வைத்துக்கொண்டு தொடங்குவதைவிட, ஆயிரம் பேரைச் சேர்த்து அந்த ஆயிரம் பேரையும் விடாமல் பார்த்துக்கொள்வது மேல் என்று நான் கருதுகிறேன். மிக அரிதான நோய்களை ஆராய ஆயிரம் பேர் போதாது என்பதையும் மறுக்கவில்லை.

குடும்பங்களின் பக்கத்திலிருந்தும் ஒரு செய்தி. குழந்தை பிறக்கும்போது ஒப்புதல் கொடுப்பவர் தாய். ஆனால் சேகரிக்கப்படும் இரத்தமும் மரபணுவும் பள்ளி மதிப்பெண்களும் அந்தக் குழந்தைக்கு உரியவை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் பிரசவிக்கவிருந்த தாய்மார்களைச் சேர்த்துக்கொண்ட ஆய்வு 14,541 கருவுற்ற நிலைகளைப் பதிவு செய்தது. நஞ்சுக்கொடிகளையும் பின்னர் குழந்தைகளின் பால்பற்களையும்கூடச் சேகரித்து வைத்தது. அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்த குழந்தைகளும் இப்போது அதில் சேர்ந்திருக்கிறார்கள். இத்தகைய ஆய்வில் சேருமாறு உங்களை யாரேனும் அழைத்தால், தயங்காமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் குழந்தை வளர்ந்தபின் அதனிடம் தனியாக ஒப்புதல் கேட்பீர்களா, அது மறுத்தால் இதுவரை சேர்த்த தகவல்களை என்ன செய்வீர்கள், சோதனையில் ஏதேனும் நோய் தெரியவந்தால் எங்களிடம் சொல்வீர்களா? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்த பிறகு கையெழுத்திடுங்கள்.

மரபணுத் தகவல்களை யார் யாருக்குப் பகிர்கிறார்கள் என்பதைத் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது. அதை அடுத்த காணொளியில் எடுத்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.