பட்டாளத்துக்காரர் தலைவரானா ஒரே உத்தரவுல வேலை முடியுமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. மலேசியாவுல சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. அவங்க தாமான்ல, அதாவது வீடமைப்புப் பகுதியில, குடியிருப்பாளர் சங்கத் தேர்தல் வருதாம். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருத்தர் தலைவர் பதவிக்கு நிக்கிறாராம். "நீங்க ஐசன்ஹோவரைப் பத்தி அடிக்கடி பேசுறீங்க. அந்த மாதிரி ஆள் வந்தா ஒரே உத்தரவுல வேலை முடியுமே, நம்ம சனங்களுக்கு அந்தக் கண்டிப்புதானே வேணும்?"னு கேக்கிறாங்க.

முடியாதுக்கா. கேள்வியில ஒரு பாதி சரி, அதுக்கு அப்புறம் வர்றேன். ஆனா உத்தரவுல முடியும்ங்கிற பாதி தப்பு.

ஐசன்ஹோவர் ரெண்டாம் உலகப் போர்ல, 1944-ல நேச நாடுகள் பிரான்சுல இறங்கின நார்மண்டிப் படையெடுப்புக்கே தலைமைத் தளபதி. 1953-லேர்ந்து 1961 வரைக்கும் அமெரிக்க அதிபர். அவர் பதவிக்கு வர்றதுக்கு முன்னாடியே, அப்போ அதிபரா இருந்த ட்ரூமன் சொன்னார்: இவர் இங்க வந்து உக்காந்து இதைச் செய், அதைச் செய்னு சொல்வார், ஒண்ணும் நடக்காது, இது பட்டாளம் இல்லன்னு. தோட்டத்துல காலையில பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிக்கிறப்போ மேற்பார்வை பாக்கிற மண்டோர் நிரை பிரிச்சு விட்டா ஆள் ஆளுக்குக் கிளம்பிப் போயிடுவாங்க இல்லையா, நாடாளுமன்றம் அப்படிப் போகாது. 1955-லேர்ந்து ரெண்டு சபையிலயும் எதிர்க்கட்சிக்குத்தான் பெரும்பான்மை. ஆறு வருசம் அவங்களோட உக்காந்து பேசித்தான் ஆட்சி நடத்தினார்.

உத்தரவு எவ்வளவு தூரம் போகும்னு பாக்கணும்னா லிட்டில் ராக் விசயத்தை எடுத்துக்குங்க. 1957 செப்டம்பர். வெள்ளைக்காரப் பிள்ளைங்க மட்டும் படிச்ச சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில ஒன்பது கறுப்பினப் பிள்ளைங்க சேரணும். நீதிமன்றம் சேர்க்கச் சொல்லிடுச்சு. ஆர்கன்சா மாநில ஆளுநர் ஃபாபஸ் மறிச்சார். ஐசன்ஹோவர் 101-ஆவது வான்குடைப் படையை அனுப்பினார். பிள்ளைங்க உள்ள போனாங்க. அது சரியான முடிவுதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அடுத்த வருசம் என்ன ஆச்சு? கறுப்பினப் பிள்ளைங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிகளையே ஒரு கல்வியாண்டு முழுக்க இழுத்து மூடிட்டாங்க. பட்டாளம் கதவைத் திறந்து விட்டுச்சு. பள்ளிக்கூடத்தை நடத்துறது பட்டாளத்தால ஆகிற காரியம் இல்ல.

அப்போ பட்டாளத்துலேர்ந்து அவர் கொண்டுவந்தது என்ன? வழக்கமா பாக்கிறவங்களுக்குத் தெரியும், நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: தாள். முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி எழுதி வைக்கிற தாள்.

தேசியப் பாதுகாப்பு மன்றத்துக்குக் கீழ ஒரு திட்டக் குழு வச்சார். அதைக் கட்லர்ங்கிறவர் நடத்தினார். ஒரு விசயம் மன்றத்துக்கு வரணும்னா முதல்ல இந்தக் குழுவுல அடிபட்டு வரணும். இலாகாவுக்கு இலாகா கருத்து வேறுபட்டா அதை மழுப்பி ஒரே வாக்கியமா எழுதக்கூடாது. தாளை ரெண்டு பத்தியாப் பிரிச்சு, இந்தப் பக்கம் இவங்க சொல்றது, அந்தப் பக்கம் அவங்க சொல்றதுன்னு பக்கத்துல பக்கத்துல போடணும். கடைசியில செலவுக்கணக்கு இணைப்பு ஒண்ணு. பணம் எங்கேர்ந்து வரும்னு அதுல இருக்கணும். நிதியமைச்சரும் மன்றத்துல உக்காந்திருப்பார். முடிவானதுக்கு அப்புறம் அது நடக்குதான்னு பாக்க 1953-லயே தனியா இன்னொரு குழு.

அதே வருசம் இன்னொண்ணு செஞ்சார். சோவியத்தை எப்படிக் கையாளுறதுன்னு மூணு அணி பிரிச்சு, ஒவ்வொரு அணிக்கும் ஒரு கொள்கையைக் கொடுத்து, இதுக்காக நீ முழு மூச்சா வாதாடுன்னு விட்டார். அதுல ஒரு அணிக்குத் தலைவர் கென்னன்ங்கிற ராஜதந்திரி. ஐசன்ஹோவரோட கட்சிக்காரங்க போன அரசாங்கத்து ஆளுன்னு ஒதுக்கின மனுசன் அவர். ஜூலையில மூணு அணியும் ஐசன்ஹோவர் முன்னாடி வந்து பேசினாங்க. எதிர்க்கருத்துக்கு நாற்காலி போட்டுக் கொடுக்கிற கண்டிப்பு அது. அக்கா கேட்ட கண்டிப்புல நான் ஒத்துக்கிற பாதி இதுதான்.

பழியை ஏத்துக்கிறதும் இதோட சேர்ந்ததுதான். நார்மண்டிக்கு ஜூன் 5-ஆம் தேதி போறதா இருந்தது. காத்து பலமா இருக்கும்னு வானிலை அதிகாரி ஸ்டாக் சொன்னதும் ஒரு நாள் தள்ளி வச்சார். அந்த வாரம் விட்டா, அலையும் வெளிச்சமும் சேர்ந்து வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும். 6-ஆம் தேதி போகலாம்னு முடிவு பண்ணிட்டு, தோத்துப்போனா வெளியிட ஒரு குறிப்பையும் கையால எழுதிப் பையில வச்சுக்கிட்டார். இதுல குத்தம் ஏதும் இருந்தா அது என்னோடது மட்டும்னு எழுதியிருந்தார். ஸ்டாக் பேரு அதுல இல்ல.

சரி, ஐசன்ஹோவர் காலத்துல நாடு முழுக்கப் போட்ட நெடுஞ்சாலைக்கு வர்றேன், இது முக்கியம். 1956 சட்டம், 41,000 மைல் சாலை. அதுக்கு முந்தின வருசம் தோத்துச்சு, ஏன் தெரியுமா? ஜெனரல் கிளே தலைமையில போட்ட குழு, கடன் பத்திரம் வித்துப் பணம் திரட்டலாம்னுச்சு. கடன் வேணாம்னு செனட்டர் பைர்டு எதிர்த்தார். வரி போடலாம்னா லாரிக்காரங்க எதிர்த்தாங்க. கடைசியில பெட்ரோல் வரியை கேலனுக்கு 2 சென்ட்லேர்ந்து 3 சென்ட் ஆக்கி, அந்தப் பணம் சாலையைத் தவிர வேற எதுக்கும் போகாத மாதிரி தனி நிதியில போட்டாங்க. செலவுல 90 விழுக்காடு மத்திய அரசு, 10 விழுக்காடு மாநிலம். பணத்தோட வழி தெளிவானதும் சட்டம் நிறைவேறிடுச்சு.

ஆனா அந்தத் தாள்லயும் ஒரு பத்தி விட்டுப்போச்சு. சாலை ஊருக்குள்ள எந்த வழியாப் போகணும்னு மாநிலப் பொறியாளருங்க கையில விட்டுட்டாங்க. நிலம் எங்க மலிவோ அங்க கோடு போட்டாங்க. பல நகரங்கள்ல ஏழைங்களோட, கறுப்பின மக்களோட குடியிருப்பை இடிச்சுக்கிட்டுப் போச்சு. வீடு போனவங்களுக்கு உதவி செய்ய நாடு முழுக்க ஒரே சட்டம்னு ஒண்ணு 1970-லதான் வந்துச்சு. தோட்டத்தை வித்து, தொழிலாளிங்க குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொன்னப்போ நம்ம சனங்க எங்க போய் நின்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும். யாரு வெளிய போறாங்க, அவங்களுக்கு எந்த இடம்னு திட்டத்தோட முதல் பக்கத்துலயே இருக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டதை யாரும் பாத்ததில்ல.

அதனால அக்கா, யாரைத் தலைவராப் போடுறதுங்கிறதை விட, தலைவர் முன்னாடி என்ன தாள் வைக்கப் போறீங்கன்னு நீங்க கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோசம். கேக்காட்டியும் சொல்லிடுறேன்.

மழை பேஞ்சா உங்க தாமான்ல தண்ணி ஏறுதுன்னு வச்சுக்குவோம். "வடிகால் பிரச்சினை, உடனே தீர்க்கவும்"னு ஒய்பிக்கு, அதாவது உங்க மக்கள் பிரதிநிதிக்கு, ஒரு கடிதம் போட்டா அது அலமாரிக்குத்தான் போகும். எந்த லோரோங் (சந்து), எத்தனை வீடு, மழை தொடங்கி எத்தனை நிமிசத்துல தண்ணி ரோட்டுக்கு வருது, முழங்கால் வரைக்குமா கணுக்கால் வரைக்குமான்னு எழுதுங்க. தேதியும் நேரமும் போட்டு மூணு மழைக்குப் படம் எடுங்க. ஒரே ஒரு மழைன்னா, அன்னிக்கு அசாதாரண மழைன்னு தள்ளிடுவாங்க. அப்புறம் வடிகால் யார் பொறுப்புன்னு பாருங்க. வீட்டு முன்னாடி கால்வாய்க்கு நகராண்மைக் கழகம். ஆறு, பெரிய வாய்க்கால்னா வடிகால் நீர்ப்பாசன இலாகா. தாமானை இன்னும் ஒப்படைக்கலேன்னா மேம்பாட்டாளர். இங்கதான் முக்கால்வாசி மனு சாகுது, தப்பான அலுவலகத்துக்குப் போயி.

அடுத்தது அந்த ரெண்டு பத்தி. கால்வாயை அகலப்படுத்தணும்னு சிலர் சொல்வாங்க, அடைச்சுக்கிட்டதைத் தோண்டினாலே போதும்னு சிலர் சொல்வாங்க. கூட்டத்துல யாரு சத்தமாப் பேசினாங்களோ அவங்க கருத்தை மட்டும் எழுதாதீங்க, ரெண்டையும் எழுதுங்க. அகலப்படுத்தினா யாரு வீட்டு வேலி போகும்னும் எழுதி, கூட்டத்துக்கு முன்னாடியே அந்த வீட்டுக்காரங்களைப் போய்ப் பாருங்க.

கடைசி வரியில ஒரு ஆள் பேரு, ஒரு தேதி. "செயற்குழு கவனிக்கும்"னு எழுதினா யாருமே கவனிக்க மாட்டாங்க. கடிதத்தை ரெண்டு நகல் எடுத்துக்கிட்டு நேர்ல போங்க. ஒண்ணைக் கொடுத்துட்டு இன்னொண்ணுல, கடிதம் கிடைச்சதுங்கிறதுக்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்குங்க. அடுத்த தடவை போறப்போ அந்த நகலைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிக்கணும்.