சேலம் டு யாழ்ப்பாணம்: விமானம் வேண்டாம், கப்பல்தான்! (பெட்டி மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்)

வணக்கம் மக்களே! டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கும் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குக் கப்பல். மெசேஜ் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு அக்கா படியேறி வந்து, "என்னடி, வேலை கிடைச்சிருச்சா?" என்று கேட்டார். வேலையாவது ஒன்றாவது, கடல் தாண்டப் போகிறேன் அக்கா!

மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிவது சேர்வராயன் மலை. பழைய வீடியோ பார்த்தவர்களுக்கு அந்த மலைக்கும் எனக்கும் உள்ள பகை தெரியும். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவு வருவதற்குள் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவேன். அதனால்தான் அம்மா சொல்கிறார், "ஏற்காடு பஸ்ஸுக்கே தாங்காதவள் கப்பலிலா போகப் போகிறாய்?" அதற்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வீடியோவின் கீழே பாதிப் பேர் ஒரே பாட்டுதான்: "விமானத்தில் போங்களேன், ஒரு மணி நேரம்தானே." இன்றைக்கு அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

விமானம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சென்னையிலிருந்து இருக்கிறது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு நேராகப் பறக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்குத் திருச்சி பக்கம், நாமக்கல் தாண்டினால் முசிறி, அப்புறம் திருச்சி. ஆனால் விமானம் இறங்குவது பலாலி விமான நிலையத்தில். கப்பல் போய் நிற்கும் காங்கேசன்துறை அங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். இரண்டிலும் இறங்கியபின் யாழ்ப்பாண நகரத்துக்குக் கிட்டத்தட்ட அதே இருபது கிலோமீட்டர் போகத்தான் வேண்டும். அப்படியென்றால் இங்கே பேச்சே நடுவில் இருக்கும் கடலைப் பற்றியதுதான். அந்தக் கடலை மேலேயிருந்து மேகத்துக்கு நடுவில் பார்க்க எனக்கு விருப்பமில்லை. தண்ணீரின் மேல் போகவேண்டும், உப்புக்காற்று முகத்தில் அடிக்கவேண்டும். அவ்வளவுதான் என் நியாயம்.

சரி, கப்பல் என்று முடிவாகிவிட்டால் எந்த வழி? இங்கேதான் ஒரு டிராவல்ஸ்காரர் என்னைக் கடுப்பேற்றினார். கடைப் பெயர் வேண்டாம். "இலங்கைக்குக் கப்பலா? அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு மேடம், கொழும்பு பேக்கேஜ் போடட்டுமா?" என்கிறார். கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார், ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாம்!

ஆனால் எது நின்றது, எது ஓடுகிறது என்று நம் ஆட்களுக்கு உண்மையிலேயே குழப்பம்தான். தாத்தா காலத்து வழி தனுஷ்கோடி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ரயில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போகலாம். போட் மெயில் என்பார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கொஞ்ச தூரம்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் ஓடியது, எண்பதுகளில் சண்டை வந்ததும் அதுவும் நின்றது. நம் சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. அவர்களும் மண்டபத்தில் இருந்த தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து அந்த வழியாகத்தான் போனார்கள். யார் வீட்டிலாவது பாட்டி கதை இருந்தால் கீழே எழுதுங்கள், தனி வீடியோ போடுகிறேன்.

அடுத்தது தூத்துக்குடி–கொழும்பு. 2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்று ஒரு பெரிய கப்பல் விட்டார்கள். அந்த நவம்பரிலேயே நின்றுவிட்டது. டிராவல்ஸ்காரர் மனதில் இருந்தது இதுவாகத்தான் இருக்கும்.

இப்போதைக்கு மிஞ்சியது நாகை. 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி என்ற கப்பலை வைத்துத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்துக்கு வரி சேர்த்து 7,670 ரூபாய், முதல் நாள் மட்டும் சலுகை விலை. எப்போது தொடங்கினார்கள் பாருங்கள், அக்டோபர் நடுவில்! வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது. ஒரே வாரத்தில் கடல் பொங்கியது, நிறுத்திவிட்டார்கள். இந்த நல்ல நாள் பார்த்த ஜோசியர் யாரென்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். பிறகு 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. அதுவும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி கிளம்பியது. அப்போது அறிவித்த கட்டணம் போக வர 8,500. காலையில் நாகையில் கிளம்பி நான்கு மணி நேரம் போல, அந்தப் பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். தூரம் சுமார் 110 கிலோமீட்டர்.

இதிலிருந்து ஒரு கணக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கப்பல் பயணம் என்று யாராவது திட்டம் போட்டால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் எல்லா நாளும் ஓடுவதில்லை, காற்று அடித்தால் ரத்தாகும். அதனால் போகும்போதும் வரும்போதும் ஒரு நாள் சும்மா விடவேண்டும். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போயே தீரவேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கப்பலை நம்பாதீர்கள். அப்படிப்பட்டவர்கள் விமானத்தில் போகட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

நான் ஏன் இப்போதே கிளம்புகிறேன் என்றால், ஆடி பிறந்தால் நம் கோட்டை மாரியம்மன் திருவிழா. அதற்கு ஊரில் இல்லையென்றால் அம்மா வீட்டுக்குள் விடமாட்டார். அப்புறம் அங்கே நல்லூர்த் திருவிழா, இருபத்தைந்து நாள், யாழ்ப்பாணத்தில் ரூம் கிடைக்காது. அதையொட்டியே இங்கே வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிடும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நாகைப் பக்கம் தலையே காட்ட முடியாது, லாட்ஜ்காரர் சொல்வதுதான் விலை.

இனி இன்றைய முக்கியமான விஷயம். பெட்டி.

இலவசமாகக் கொண்டுபோக பத்து கிலோ. அதற்கு மேல் என்றால் காசு. பத்து கிலோ தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் மூன்று ஜோடி துணி, கேமரா, டிரைபாட், அப்புறம் யாழ்ப்பாணத்தில் நம் சேனல் பார்க்கிற ஒரு அக்கா கேட்ட ஏற்காட்டுக் காபித்தூள் ஒரு கிலோ, தட்டுவடை இரண்டு பாக்கெட், இவ்வளவுதான் வைத்தேன். எடை போட வீட்டில் தராசு இல்லை. கொக்கி மாட்டித் தொங்கவிடும் சின்ன தராசு கடையில் 450 ரூபாய் சொன்னான். ஒரு பெட்டியை ஒரு தடவை தொங்கவிட 450 ரூபாயா! நேராக செவ்வாய்ப்பேட்டைக்கு வண்டியை விட்டேன். வெல்ல மண்டியில் மூட்டை போடுகிற தராசு இருக்கும் இல்லையா, அங்கே போய்க் கேட்டேன். தராசின் மேலெல்லாம் வெல்லப் பிசுக்கு, ஈ மொய்க்கிறது. அந்த அண்ணா ஒரு சாக்கை விரித்து, "வை கண்ணு" என்றார். வைத்தேன். சிவப்பு எழுத்தில் 11.400.

எனக்கு நம்பவே முடியவில்லை. "அண்ணா, வெல்லம் ஒட்டியிருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பெட்டியைக் காலி பண்ணி வெறும் பெட்டியை வை" என்றார். மண்டி நடுவில் என் துணியெல்லாம் சாக்கின் மேல் குவிந்து கிடக்க, வெறும் பெட்டியை வைத்தேன். 3.700! மக்களே, ஒன்றுமே இல்லாத பெட்டி மூன்று கிலோ எழுநூறு. சக்கரம், இழுக்கிற கம்பி, உள்ளே கெட்டி பிளாஸ்டிக் பட்டை, அதற்குத்தான் அவ்வளவு எடை. பத்து கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றுக்கும் கம்பிக்கும். 2,800 ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டி, "லைட் வெயிட்" என்று முதுகில் வேறு எழுதியிருக்கிறது!

பெட்டிக்குப் பதில் பை எடுத்துப்போ என்று அந்த அண்ணாவே ஒரு யோசனை சொன்னார். வீட்டில் ஒரு பழைய ரெக்ஸின் பை இருந்தது, அப்பா சபரிமலைக்குப் போகும்போது எடுத்துப்போகிற பை. அதையும் கொண்டுபோய் நிறுத்தினோம், வெறும் 600 கிராம். சாமான் 7.700, பை 0.600, மொத்தம் 8.300. இன்னும் ஒரு கிலோ காபித்தூள் சேர்த்தும் 9.300-தான்! தராசுக்குக் காசு செலவில்லை, அந்த அண்ணா டீயும் வாங்கிக் கொடுத்தார். 450 ரூபாய் மிச்சம். இந்த வெற்றியை நான் இந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன், தாங்கிக்கொள்ளுங்கள்.

மாம்பழம் கொண்டுவாங்க என்று கேட்டவர்களுக்கு: முடியாது. பழம், செடி, விதை எல்லாம் அனுமதி இல்லாமல் அங்கே கொண்டுபோகக்கூடாது. மல்கோவாவைச் சுங்கத்தில் பறிகொடுத்தால் என் மனசு தாங்காது. டிரோனும் வரவில்லை, அங்கே பறக்கவிட முன் அனுமதி வேண்டும்.

அய்யோ, விசாவைச் சொல்லவே இல்லையே! பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கவேண்டும். ஈ.டி.ஏ. என்ற அனுமதியை ஆன்லைனில் எடுத்துக்கொள்ளவேண்டும். கட்டணம், விதி இரண்டையும் அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் நான் தொகை சொல்லப்போவதில்லை. கிளம்பும் வாரத்தில் இலங்கை அரசின் தளத்திலேயே பாருங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்கள் தளம், அதே படிவத்துக்குக் கூடுதல் காசு பிடுங்குவார்கள். பணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் ரூபாய் நோட்டாக 25,000 வரைதான் எடுத்துப்போகலாம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும், அதனால் அங்கே விலை கேட்டதும் மயங்கி விழாதீர்கள், வகுத்துப் பாருங்கள்.

சேலத்திலிருந்து நாகை எப்படி? புது பஸ் ஸ்டாண்டில் வேளாங்கண்ணி பஸ் ஏறினால் நாகையில் இறங்கிக்கொள்ளலாம். ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் இறங்கி நேராகத் துறைமுகம் போய்விடலாம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். வேண்டவே வேண்டாம். தஞ்சாவூர் தாண்டி ஒரு டயர் பஞ்சர் ஆனால் கப்பல் உங்களுக்காக நிற்காது. குடிவரவு, சுங்கம் எல்லாம் இருப்பதால் விடிந்ததும் வரச் சொல்வார்கள். முந்தின ராத்திரி நாகையிலேயே தங்குங்கள். நான் போவது ரயிலில். பெங்களூர்–காரைக்கால் ரயில் சேலம் வழியாகத்தான் போகிறது. ஆத்தூர், விருத்தாசலம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எல்லா ஊரையும் நலம் விசாரித்துக்கொண்டே போகும். மதியம் ஏறினால் ராத்திரி நாகை. மெதுவான ரயில்தான், எனக்கு அதுதான் பிடிக்கும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஏறிவிடுவேன்.

அம்மா கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது, வாந்தி. நாகைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் இருக்கும் பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். தெற்கே ராமர் பாலத்து மணல்திட்டுகளால்தான் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஆழம் குறைந்த இடத்தில் காற்று அடித்தால் அலை குட்டை குட்டையாக, அடிக்கடி வரும். அதுதான் வயிற்றைக் கலக்கும். அதனால் சீட் எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதி, முடிந்தால் கீழ்த்தளம். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். காலையில் பொங்கல், வடை என்று வெளுத்துக் கட்டாமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். போனைப் பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோட்டைப் பாருங்கள். மாத்திரை போடுவதென்றால் டாக்டரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடவேண்டும், தலை சுற்ற ஆரம்பித்தபின் போட்டுப் பயனில்லை. ஏற்காடு பஸ்ஸில் நான் எப்போதும் செய்வது இதற்கு நேரெதிர். பின் சீட், வயிறு முட்ட பரோட்டா, கையில் போன். ஆகவே அம்மா, அந்த இருபது வளைவை வைத்து என்னை எடைபோட வேண்டாம்!

இறங்கியதும் முதலில் கீரிமலைக் கேணி, துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான். மற்றதெல்லாம் அங்கே போய்க் காட்டுகிறேன். ரிட்டர்ன் கப்பல் மதியத்துக்கு மேல் கிளம்பி சாயங்காலம் நாகை வரும், ராத்திரி பஸ் பிடித்தால் காலையில் சேலம்.

இன்னும் 700 கிராம் இடம் இருக்கிறது. தட்டுவடை இன்னொரு பாக்கெட்டா, ஜவ்வரிசி வடகமா? நாளை சாயங்காலம் வரை கமெண்டில் ஓட்டுப் போடுங்கள், அதிகம் வருவது பைக்குள் போகும். டிரைபாடை எடுத்துவிட்டு இரண்டையும் வை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். சரி, மழை தூற ஆரம்பித்துவிட்டது, கொடியில் துணி கிடக்கிறது, ஓடுகிறேன். பை மக்களே!