இரண்டு சட்டம், ஒரே நிலம்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் - சென்னை எட்டுவழிச்சாலைப் பேச்சு சூடாக இருந்த 2018இல் பூலாவரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என்னைத் தேடி அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வந்தார். கையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு செய்தித்தாள் பக்கம், அதில் அவருடைய சர்வே நம்பரைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். "ஏனுங்க வக்கீலய்யா, 2013லயே நெலம் எடுக்கறதுக்குப் புதுச்சட்டம் வந்துருச்சு, சனங்களுக்கு என்ன பாதிப்புன்னு சமூகத் தாக்க ஆய்வு செய்யோணும்னு அதுல இருக்குது, அப்புறம் எப்படி 1956 நெடுஞ்சாலைச் சட்டத்த வெச்சு நெலத்த எடுக்கறாங்க? புதுசு வந்தா பழசு போகோணுமில்லீங்களா?"

நியாயமான கேள்வி. இரண்டும் ஒரே மாதிரிச் சட்டமாக இருந்தால் அவர் சொன்னது சரி. ஆனால் பழையது ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கென்றே போட்ட சிறப்புச்சட்டமாக இருந்து, பின்னால் வந்தது பொதுச்சட்டமாக இருந்தால், கோர்ட் பழையதை அப்படியே விட்டுவிடும். அந்த விஷயத்தை ஏற்கெனவே தனியாக யோசித்து முடிவு செய்தவர்கள், அதை மாற்ற நினைத்திருந்தால் வெளிப்படையாகச் சொல்லியிருப்பார்களே என்பதுதான் காரணம். நில எடுப்பில் பழையது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியும்விட்டார்கள். 2013 சட்டத்தின் 105ஆம் பிரிவு, நான்காம் அட்டவணையில் உள்ள 13 சட்டங்களுக்கு இது பொருந்தாது என்கிறது, பெரியவர் சொன்ன 1956இன் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் அதில் ஒன்று. இழப்பீடு மட்டும் 2015 ஜனவரி முதல் 2013 சட்டக் கணக்குப்படி. ஆக எடுக்கிற முறைக்கு ஒரு சட்டம், பணத்துக்கு இன்னொரு சட்டம்.

சரி, எது சிறப்புச்சட்டம்? நம் ஆட்கள் சட்டத்தின் பெயரைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. எல்.ஐ.சி. ஊழியர்களின் போனஸ் வழக்கில் 1956இன் எல்.ஐ.சி. சட்டமா, 1947இன் தொழில் தகராறு சட்டமா என்ற சண்டை வந்தது. ஒரே ஒரு நிறுவனத்துக்கான சட்டம்தானே சிறப்பு என்று யாருக்கும் தோன்றும். 1980இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு வேறு மாதிரி பார்த்தது, நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியது: காப்பீட்டுத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது பற்றிய கேள்வி என்றால் எல்.ஐ.சி. சட்டம் சிறப்பு, தொழிலாளி - முதலாளி தகராறு என்றால் தொழில் தகராறு சட்டம்தான் சிறப்பு. ஒரே சட்டம் ஒரு கேள்விக்குப் பொது, இன்னொரு கேள்விக்குச் சிறப்பு. எனக்கு இந்தத் தீர்ப்பு மேல் தனிப் பிரியம்.

அப்புறம், மோதல் நிஜமாகவே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா, கூட்டுறவுச் சட்டமே தனி வழி வைத்திருக்கிறதே என்று நம் தமிழ்நாட்டு வழக்கே உச்ச நீதிமன்றம் வரை போனது. போகலாம் என்று 2003 டிசம்பரில் தீர்ப்பு. நுகர்வோர் சட்டம் கூடுதலாகக் கொடுக்கிற வழி, இரண்டும் சேர்ந்தே நிற்க முடியும்.

பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. 1956 நெடுஞ்சாலைச் சட்டப்படி ஆட்சேபணை சொல்ல 21 நாள்தான், அவர் வரும்போது பாதிக்கு மேல் போய்விட்டது. கிணறு, தென்னை, போர்வெல் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அன்று சாயங்காலமே உட்கார்ந்து மனுவை எழுதி முடித்தோம்.