ஏட்டுச் சுரைக்காயும் அப்பாவின் கொப்பியும்

நடுவர் அவர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம்.

நாட்டின் கொள்கையை வகுக்க நிபுணர் அறிவே வேண்டும் என்று பேச வந்தேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தச் சுரைக்காயையே அறுத்துப் பார்ப்போம்.

இலங்கையில், 2021 மே மாதம். அரசின் ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தலோடு இரசாயனப் பசளை (உர) இறக்குமதி நின்றது. தேர்தலில் சொன்னது, பத்து வருடத்தில் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை எருவுக்கு மாறுவோம் என்று. நடந்தது ஒரே போகத்தில்! விவசாயப் பேராசிரியர்கள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் போட்டது ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான், நடுவர் அவர்களே. 50 கிலோ யூரியா மூட்டையில் பயிருக்கு வேண்டிய நைதரசன் 23 கிலோ. கூட்டெருவில் நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டைக்கு ஈடாக 1,150 கிலோ எரு வேண்டும். யூரியா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பில் நடந்துவிடலாம். 1,150 கிலோவை யார் தூக்குவது? அதுவும் ஒரேயொரு மூட்டைக்கு! நாட்டின் வயலுக்கெல்லாம், மலையகத்துத் தேயிலைக்கெல்லாம் எரு எங்கே இருந்தது? ஏட்டில் போட்டுப் பார்க்க வேண்டியதை நாட்டில் போட்டுப் பார்த்தார்கள், அண்ணா!

நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம், மாரி மழையை நம்பிச் செய்யும் பெரிய நெல் விதைப்பு, முடிந்துவிட்டது. விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே விழுந்தது. தன் சோற்றைத் தானே விளைவித்த நாடு அரிசிக்கு அந்நியக் கப்பலைப் பார்த்து நின்றது.

"விவசாயியைக் கேட்டால் போதாதா, பேராசிரியர் எதற்கு?" என்றும் அண்ணன் கேட்டார். அந்த விவசாயிகளும் வீதியில் இறங்கி, இந்தத் தடை வேண்டாம் என்று அதையேதானே சொன்னார்கள்?

என் அப்பா பரந்தன் பக்கம் வயல் செய்தவர். ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பியில், எந்தப் போகம், என்ன நெல், எத்தனை அந்தர் பசளை, எத்தனை மூட்டை விளைந்தது என்று பென்சிலால் எழுதி வைப்பார். வயலுக்கு வந்து ஆலோசனை சொல்லும் விவசாயப் போதனாசிரியர் வந்தால் மாமரத்தடியில் பாய் விரித்து அதைக் காட்டுவார். இருவரும் தலையோடு தலை முட்டக் கணக்குப் பார்ப்பார்கள். அதுவும் ஏடுதான், அண்ணா. அந்த ஏட்டில் விளைந்த சோற்றைத் தின்றுதான் நான் படித்தேன்.

பசளை இல்லாத அந்தப் பெரும்போகத்திலும் போதனாசிரியர் வந்தார். பயிர் மஞ்சளாக நின்றது. அப்பா கொப்பியை நீட்டினார். அவர் வாங்கினார், புரட்டினார், ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா கொண்டுவந்த தேநீர் ஆறிப்போனது.